பிரியும் பை, சேரும் பை

பிரயாணப் பை ஒன்று தைத்துக்கொள்ள உத்தேசித்திருக்கும் நேயர்கள், துணிக் கடைக்குப் புறப்படுமுன், சமையலறை அலமாரியிலுள்ள டிபன் காரியரை எடுத்து ஐந்து நிமிஷம் உற்றுப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நாலு அடுக்கையும் சாதமும் குழம்புமாக நிரப்பித் தூக்கினால் பாரம் எதன்மேல் விழுகிறது? ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு தொங்குவதில்லை. இரு பக்கத்துக் கம்பிகளும் எல்லாவற்றையும் அடியிலிருந்து ஏந்திக் கைப்பிடியில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அடுக்குகள் வெறும் பாத்திரங்கள். சுமப்பது அந்தச் சட்டம். பல பகுதிகளாகப் பிரியவும் சேரவும் கூடிய பைக்கு வேண்டிய சூத்திரத்தில் பாதி இதிலேயே அடங்கியிருக்கிறது.

மற்றப் பாதியை டிபன் காரியரின் குறையிலிருந்து தெரிந்துகொள்ளலாம். அடியடுக்கிலுள்ள பண்டம் வேண்டுமானால் மேலடுக்கு மூன்றையும் இறக்கியாக வேண்டும். சாப்பாட்டு வேளையில் அதனால் பாதகமில்லை. விளக்கணைத்த ரயில் பெட்டியில், இரவு பதினொரு மணிக்கு, ஒரு மாத்திரைக்காக அப்படிச் செய்ய முடியுமா? ஆகவே, பையின் பகுதிகள் ஒன்றையொன்று அடைத்துக்கொண்டு நில்லாமல், ஒவ்வொன்றும் தனித்தனியே வெளிப்புறமாகத் திறக்க வேண்டும்.

இந்த ஆராய்ச்சியில் என்னை இறக்கிவிட்டவர் என் தாயார். அவருக்கு வயது எழுபத்து நான்கு. திருநெல்வேலியிலிருந்து சென்னையிலுள்ள என் தம்பி வீட்டுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் தன்னந்தனியாகப் போய் வந்து பழகியவர். முழங்காலில் ஆபரேஷன் ஆன பிறகு, யாராவது லீவு எடுத்துக்கொண்டு துணைக்குப் போனாலொழியப் பிரயாணம் இல்லை என்றாயிற்று. ஒருவருடைய லீவுக்காகக் காத்திருந்து பிள்ளை வீட்டுக்குப் போவதைவிடப் போகாமலிருப்பதே மேல் என்று சொல்லிவிட்டார். சொன்னபடியே ஒன்றரை வருஷம் போகவும் இல்லை.

ஸ்லீப்பர் வகுப்புப் பிரயாணிக்கு ரயில்வேக்காரர்கள் 40 கிலோ சாமான் இலவசமாக அனுமதிக்கிறார்கள். அம்மாவின் முழங்கால் எவ்வளவு அனுமதிக்கும் என்பதை வீட்டு வாசற்படியில் பரீட்சித்தோம். ஒரு துணிப் பையில் அரிசியை அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கூட்டிக்கொண்டே போனதில், நாலு கிலோவுக்கு மேல் அவருடைய உடம்பு ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. இன்னொரு கையிலும் கொடுக்கலாமே என்று நினைப்பீர்கள். அந்தக் கை ரயில் வாசல் கம்பியைப் பிடிப்பதற்கு வேண்டும். ஆகவே, எந்தப் பகுதியும் உள்ளே இருக்கும் சாமானோடு சேர்த்து நாலு கிலோவைத் தாண்டக் கூடாது என்று விதித்துக்கொண்டு காகிதத்தை எடுத்தேன்.

பகுதிகள் மூன்றே. பிரித்தால் சுமை குறையும் என்று பலரும் எண்ணுகிறார்கள். ஒரு பையை ஆறாக்கினால் சுவர்களும் ஜிப்புகளும் ஆறு மடங்காகி, வெறும் பையே கனக்க ஆரம்பித்துவிடும். சாமான்களை இனவாரியாகப் பிரிப்பதும் சரியல்ல. எந்த நேரத்தில் தேவைப்படும் என்பதை வைத்தே பிரிக்க வேண்டும். போய்ச் சேர்ந்தபின் வேண்டிய துணிமணிகள் பெரிய பையில். அது ஆசனத்தின் அடியில் கிடக்கலாம். இரவுக்கு வேண்டிய போர்வை, துண்டு, தண்ணீர் ஆகியவை நடுப் பையில். மாத்திரை, மூக்குக் கண்ணாடி, டிக்கெட், அடையாள அட்டை, டெலிபோன் ஆகியவை சிறு பையில். அது எப்பொழுதும் தோளில் குறுக்கே கிடக்கும். வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரையில் ஆட்டோவில் மூன்றும் ஒரே உருப்படி. எதையும் மறந்து வைத்துவிட்டு இறங்க முடியாது. ரயில் வாசலில் அவை மூன்று உருப்படி.

இனி, சேர்ப்பது எப்படி? அமெரிக்க ராணுவத்தார் 1990-களின் பிற்பகுதியில் கைக்கொண்ட முறை ஒன்று உண்டு. ஓர் அங்குல அகல நாடாக்களை ஓர் அங்குல இடைவெளியில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு முறை தைத்துவிடுவார்கள். இணைக்க வேண்டிய சிறு பையின் பட்டை, இந்த நாடாவுக்குள்ளும் தன் பையிலுள்ள நாடாவுக்குள்ளும் மாறி மாறிப் புகுந்து வரும். பாய் முடைவது போலத்தான். வெகு உறுதியான ஏற்பாடு. ஆனால், அது கழலாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்டது. நடுராத்திரியில் தளர்ந்த விரல்களால் கழற்றுவதற்காக அல்ல. எனவே, பக்கவாட்டில் அழுத்தினால் திறந்துகொள்ளும் பிளாஸ்டிக் பக்கிள் இரண்டை மேலே வைத்தேன். கீழே, பை ஆடாமலிருக்க ஒரு சாண் வெல்க்ரோ. ஸ்விட்ஸர்லாந்து தேசத்து எஞ்சினீயர் ஜார்ஜ் தெ மெஸ்த்ரால், 1941-ல் தம் நாயின் ரோமத்தில் ஒட்டிய காட்டுச் செடிக் காய்களைக் கண்டு யோசித்து, 1955-ல் பேடண்ட் பெற்ற சாதனம் இது. பக்கவாட்டில் இழுத்தால் மிகவும் உறுதியாக நிற்கும். ஓரத்திலிருந்து உரித்தால் சுலபமாக வந்துவிடும். ஆதலால் பாரத்தை அதனிடம் ஒப்படைக்கலாகாது.

பாரத்தை ஏற்க வேண்டியது டிபன் காரியர்க் கம்பி போன்ற நாடாவே. கைப்பிடியைப் பையின் வாயோரத்தில் ஒட்டுப் போட்டதுபோல் தைத்தால் முதலில் கிழிவது அந்த இடந்தான். கடைப் பைகள் பலவற்றில் இந்த அக்கிரமத்தைக் காணலாம். அதற்குப் பதிலாக ஒரே நாடா, கைப்பிடியில் தொடங்கி, முன்புறம் இறங்கி, அடியில் புகுந்து, பின்புறம் ஏறி, மறு கைப்பிடியாக வளைந்து, அதே போலத் திரும்பி வர வேண்டும். 45 சென்டிமீட்டர் நீளமும் 30 உயரமும் 22 அகலமும் உள்ள பைக்கு ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நாடா பிடிக்கும். பக்கிள் பட்டைகளின் வேர்களும் இந்த நாடாவின்மேலேயே அமைய வேண்டும். ஒவ்வொரு சந்திப்பிலும் சதுரமாகத் தைத்து, அதற்குள் பெருக்கல் குறியும் இடவேண்டும்.

எங்கள் கடைத்தெருத் தையற்காரர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "நாடா, வெல்க்ரோ எல்லாம் துணி தட்டையாக இருக்கும்போதே வைத்துவிட வேண்டும், சார். பை உருவான பிறகு மிஷின் உள்ளே போகாது" என்றார். வீட்டிலேயே தைக்க நினைப்போர் இந்த வார்த்தையைக் குறித்துக்கொள்வது நலம். பழைய செய்தித்தாளில் முதலில் பை செய்து பார்த்துப் பிறகு கத்தரியை எடுப்பது சிலாக்கியம். கித்தான் துணிக்கு 16 அல்லது 18-ஆம் நெம்பர் ஊசியும் பாலியெஸ்டர் நூலும் வேண்டும். பருத்திக் கித்தான் மழையில் நனைந்தால் இழை உப்பித் துவாரங்கள் ஓரளவு அடைபடும். ஆனால், அது கனம். பெரிய பைக்கு மட்டும் கித்தானும், மற்ற இரண்டுக்கும் நைலானும் வைத்தோம். ஜிப்புகளின் நாக்கில் விரல் நுழையும்படி துணி வளையம் கோத்தது என் மனைவியின் யோசனை. பையில் அம்மாவுக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

தை மாதம் அம்மா நெல்லை எக்ஸ்பிரஸில் தனியாகப் போனார். மாசிக் கடைசியில் தனியாகவே திரும்பினார். சிறு பையின் உள்ளே டெலிபோனுக்கென்று இன்னொரு தடுப்பு வேண்டுமாம். பை இப்போது தையற்காரரிடம் இருக்கிறது.