சுருள்வில்லும் அதன் பீடமும்

தாங்குவார் பலர் உளராயினும், தாங்கும் முறை ஒத்திராவிடின் சுமை வழியிலே வீழும் என்பது உலகியல் அறிந்தார் எவர்க்கும் உடன்பாடே. பல்லக்குச் சுமப்பார் நால்வருள் ஒருவன் தோள் தாழுமாயின், ஏனை மூவர் வலிமையும் பயனின்றி ஒழியும். இவ்வெளிய உண்மையை நாம் நாடோறும் ஏறிச்செல்லும் மோட்டார் வண்டியின்கண் மறந்துவிடுகின்றோம் என்பதே யாம் ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்த பொருளாகும். தமிழ் பயில்வார்க்கு எஃகு வில்லோடு என்ன உறவு என வினவுவாரும் உளராகலாம். வண்டியில் ஏறுவார் அனைவர்க்கும் அதனோடு உறவுண்டு என்பதே எமது விடை.

நம் நாட்டுப் பார வண்டியிற் சுமையானது அச்சின்மேல் நேரே அமர்வது. பள்ளத்தில் விழுந்த சக்கரத்தின் அதிர்ச்சி முழுதும் ஏறியிருப்பார் உடம்பிற் சென்று தாக்கும். பின்னர், எஃகுப் பட்டைகளை அடுக்கி அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே பொருத்தியபொழுது, அதற்கு வில்வண்டி எனப் பெயரிட்டனர் நம் முன்னோர். வளைந்து மீள்வது எதுவோ அது வில் என்று கண்ட அப்பெயர் எத்துணைப் பொருத்தமுடையது! மோட்டார் வண்டிகளும் நெடுங்காலம் அப்பட்டைவிற்களையே நம்பி ஓடின. 1934ஆம் ஆண்டில், மாரிஸ் ஆலி என்னும் ஆங்கிலேயப் பொறியறிஞரின் ஆராய்ச்சிப் பயனாக, அமெரிக்க நாட்டு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் தம் கார்கள் சிலவற்றின் முன்சக்கரங்களுக்குத் தனித்தனியே சுருள்விற்களை அமைத்தனர். 1950ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிற் காட்டப்பெற்ற ஃபோர்டு கான்ஸல் என்னும் கார், மக்பெர்ஸன் வகுத்த முறைப்படி, வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒரே தண்டாய் இணைந்த அமைப்பினைத் தாங்கி வந்தது. 1983ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டுச் சாலைக்கு வந்த மாருதிக் காரின் முன்புறமும் அம்முறையினதே. இன்று நம் தெருக்களில் ஓடுங் கார்களுட் பெரும்பாலானவற்றின் முன்சக்கரங்கள் இவ்வமைப்பினவாகவே உள்ளன.

இனி, அவ்வில்லின் இயல்பினைச் சிறிது நோக்குவாம். சுருள்வில் அமுங்கும்பொழுது அதன் கம்பி வளைகின்றது என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அக்கம்பி, ஈரத்துணியைப் பிழிவார் கையில் அத்துணி முறுக்குறுதல்போல, நீளம் முழுதும் முறுக்குறுகின்றது. இழுப்பின் அளவிற்கேற்ப எதிர்வலியும் மிகும் என்னும் விதியை இராபர்ட் ஹூக் என்பார் 1678ஆம் ஆண்டிலேயே வெளியிட்டனர். அவ்விதி சுருள்வில்லிற்கும் பொருந்தும். பாரம் வில்லின் நடுக்கோட்டின்வழியே இறங்குமாயின், முறுக்கு ஒவ்வொரு சுற்றிற்கும் ஒப்பப் பகிர்ந்து செல்லும். ஒரு சுற்றும் மற்றொன்றின் சுமையை மிகுதியாய் ஏலாது. அங்ஙனம் நேரே இறங்கும்பொழுதும், கம்பியின் உட்பக்கத்துத் தகைவு வெளிப்பக்கத்தினும் மிகுந்தே இருக்கும். அமெரிக்கப் பொறியறிஞர் ஏ. எம். வால் என்பார் 1944ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இதனை விரித்து ஆராய்ந்துள்ளார். பாரம் நடுக்கோட்டினின்றும் ஒரு பக்கம் ஒதுங்குமாயின், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பாதி அளவிற்கு மிஞ்சி வருந்தும், மறுபாதி வாளாவிருக்கும்.

ஆகவே, வில்லின் வாழ்வு அதன் எஃகின் தரத்தை மட்டும் பற்றியதன்று. அஃது அமரும் பீடத்தையும் பற்றியது. வில்லின் கீழ்முனை ஒரு தட்டின்மேல் அமர்கின்றது. பல வண்டிகளில் அத்தட்டு வில்லின் சரிவிற்கேற்பப் படிப்படியாய் உயர்ந்து, ஓரிடத்திற் சிறு படியொன்றைக் கொண்டிருக்கும். கம்பியின் நுனி அப்படியை ஒட்டி அமர்தல் வேண்டும். தட்டுக்கும் வில்லுக்கும் இடையே ஒரு ரப்பர் மெத்தை உண்டு. மேன்முனைக்கும் அவ்வாறே. அம்மெத்தை ஓசையை அடக்குவதற்கு மட்டுமே என்று எண்ணுவது தவறு. பாரத்தைப் பரப்பிக் கொடுப்பதும், எஃகோடு எஃகு உராயாமற் காப்பதும் அதன் தொழிலேயாம். முன்சக்கரத் தண்டின் உச்சியில் சுழலுருளை ஒன்றும் அமைந்துள்ளது. வண்டியைத் திருப்பும்பொழுது வில்லும் உடன் திரும்புதற்கு அதுவே துணை. அது துருவேறி இறுகிவிடின், வில் தன் பீடத்தில் முறுக்குண்டு, பின் திடீரென விடுபட்டு, நாணொலிபோல் ஓசை எழுப்பும். அவ்வோசையைக் கேட்டும் கேளாதார்போற் செல்வார் பலர்.

பீடம் ஒவ்வாவிடின் விளைவது யாது? மெத்தை கிழிந்தோ நுனி இடம்பெயர்ந்தோ போனபின், வில் தட்டின் முழுப் பரப்பிலும் அமராது ஓரிரு புள்ளிகளில் மட்டும் நிற்கும். அவ்விடத்து மேற்பூச்சு தேயும். மணலும் மழைநீரும் சேர்ந்து தங்கும். துரு எஃகில் நுண்ணிய குழி பறிக்கும். வில் செய்யுங்கால், அதன் மேற்புறத்தைச் சிறு எஃகுமணிகளால் அடித்து, விரிசல் எளிதில் தோன்றாவாறு உரமேற்றுதல் வழக்கம். துருவின் குழியோ அவ்வுரத்தை ஊடுருவிச் செல்லும். கிலோமீட்டர் ஒன்றிற்கு 50 முறை சக்கரம் எழுந்து தாழ்கின்றதெனக் கொண்டால், 1,00,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியின் வில் 50 இலட்சம் முறை அமுங்கி மீண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் அக்குழியின் விளிம்பு சிறிது சிறிதாய்ப் பிளந்துகொண்டே செல்லுமன்றோ? ஒருநாள், பெரிய பள்ளம் ஒன்றும் இல்லாதவிடத்தே, வில் முறியும். பெரும்பாலும் முறிவது அடிச்சுற்றே. முறிந்த கூர்முனை அருகில் ஓடுஞ் சக்கரத்தின் டயரைக் கிழித்தலும் உண்டு. வில் முறிந்தது என்கின்றோம். பீடம் முறித்தது என்பதே பொருந்தும்.

நிற்க. மேற்கூறிய கேடு காலத்தால் நேர்வது. யாம் பெரிதும் வருந்துவது, பொருள் கொடுத்து நாமே வருவித்துக்கொள்ளுங் கேட்டினை நோக்கியேயாம். வண்டி தாழ்ந்து நிற்கின்றது என்பாருக்கு, வில்லின் இரு சுற்றுகளுக்கு இடையே ரப்பர்த் துண்டு ஒன்றைத் திணித்து உயர்த்திக் கொடுக்கும் வழக்கம் நம் நாட்டிற் பரவியுள்ளது. செலவோ சிறிது, வேலையோ அரைநாழிகை. வண்டி உயர்ந்து நிற்பதைக் கண்டவுடன் உரியவர் மகிழ்ந்து செல்வர். உள்ளே நிகழ்ந்தது யாதென அவர் உணரார்.

ஆறு சுற்றுகள் தொழிற்படும் வில் ஒன்றினை எடுத்துக்கொள்வோம். சக்கரம் ஒரு மேட்டில் ஏறி 12 செ.மீ. உயரவேண்டுமாயின், ஒவ்வொரு சுற்றும் 2 செ.மீ. அமுங்கினாற் போதும். ஒரு சுற்றின் வழியை ரப்பரால் அடைத்துவிடின், எஞ்சிய ஐந்தும் அதே 12 செ.மீட்டரைப் பகிர்ந்துகொள்ளல் வேண்டும். ஒவ்வொன்றும் 2.4 செ.மீ. அமுங்கும். அஃதாவது, ஐந்திலொரு பங்கு மிகுதியான முறுக்கினை அவை ஏற்கின்றன. வில்லின் விறைப்பும் அதே அளவு மிகும். முன்னைய விறைப்பிற்கென அளந்து அமைத்த ஷாக் அப்சார்பர், புதிய விறைப்பினை அடக்கமாட்டாது தடுமாறும். அன்றியும், திணித்த துண்டு சுற்று முழுவதையும் தாங்குவதன்று. ஒரு பக்கத்தில் மட்டும் முட்டுக்கொடுத்து நிற்பது. அதனால் பாரத்தின் கோடு சாயும். ஒரு சக்கரத்திற்குப் பெருந்துண்டும் மற்றொன்றிற்குச் சிறுதுண்டும் வைப்பாரும் உளர். நாற்காலியின் ஒரு காலின்கீழ் அட்டையைச் செருகினால், அக்காலும் அதற்குக் குறுக்கே நிற்குங் காலுமே பாரத்தைத் தாங்க, ஏனை இரண்டும் ஆடும். வண்டியின் நான்கு சக்கரங்களுக்கும் அதே நிலை. பாரங் குறைந்த சக்கரம் பிரேக் பிடிக்கும்பொழுது எளிதில் வழுக்கும். மழைநாளில் அவ்வழுக்கல் உயிரோடு விளையாடுவதாம்.

இதனை மறுப்பார் கூற்றும் ஒருவாறு கேட்கத்தக்கதே. “துண்டு வையாவிடின் வண்டியின் அடி வேகத்தடையில் உரசுகின்றதே, வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பான் ஒருவன், வில்லை மாற்றப் பொருளுக்கு எங்கே செல்வான்?” என்பர். அவர் துன்பம் பொய்யன்று. சிறு கார்கள் பலவற்றின் அடிப்பகுதி தரையினின்றும் 16, 17 செ.மீ. உயரத்திலேயே உள்ளது. ஐவர் ஏறி அமர்ந்தால் அவ்வுயரமும் குறையும். ஆயின், உண்மைக் குற்றவாளி வில்லன்று. அளவின்றி எழுப்பிய வேகத்தடையே. சுருள்விற்கள் அமெரிக்கக் கார்களிற் புகுந்த அதே 1934ஆம் ஆண்டில் தோன்றியது இந்தியச் சாலைப் பேரவை. அப்பேரவை 1988ஆம் ஆண்டில் வகுத்த நெறிப்படி, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்திற் கடத்தற்குரிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் உடையதாய், வில்போல் மெல்ல வளைந்து எழுதல் வேண்டும். அத்தகைய மேட்டில் ஏறும் வண்டி உரசாது. நம் தெருக்களிலோ, ஒரு முழ அகலத்தில் மதில்போல் எழுந்து நிற்பனவற்றையே எங்குங் காண்கின்றோம். மேட்டைத் திருத்துவதற்கு மாறாக வில்லைக் கெடுத்துக்கொள்வது, செருப்புக் கடிக்கின்றதென்று காலைச் செதுக்குவதை ஒக்கும். வில் தளர்ந்து தாழ்ந்ததாயின், அதற்குத் துண்டு மருந்தாகாது. நோயை மறைக்கும் போர்வையே ஆகும். புதுவில்லின் விலையை எண்ணி அஞ்சும் ஓட்டுநர், கிழிந்த டயரின் விலையையும், வண்டி நின்ற நாட்களின் கூலியையும் உடனெண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பிறிதொரு தடையும் உண்டு. “பொறியாளரே வில்லைச் சாய்த்து வைக்கின்றனரே, ஒப்ப அமர்த்தல் எற்றுக்கு?” என்பர் சிலர். சக்கரம் தண்டிற்கு வெளியே நிற்றலின், அதன் பாரம் தண்டினை வளைக்க முயலும். அவ்வளைவினை எதிர்த்தற்பொருட்டே, கணக்கிட்டு, வில்லினையும் அதன் தட்டினையும் சாய்த்து அமைக்கின்றனர். சாய்ந்த தட்டின்மேலும் வில் முழுதும் படிந்தே அமர்கின்றது. ஒப்ப அமர்தல் என்பது நீர்மட்டம் பார்ப்பதன்று. வகுத்த வழியே பாரம் செல்லுமாறு, தட்டின் பரப்பு முழுதும் வில்லைத் தாங்குதலேயாம். அக்கணக்கினை அறியாதார் கையாலிடும் துண்டு, அதனை அழிக்கின்றது.

இனிச் செய்யத்தக்கன சில கூறி அமைவாம். வில்லை மாற்றும்பொழுது மெத்தையினையும் உடன்மாற்றுக. அதன் விலை வில்லின் விலையில் ஒரு சிறு பகுதியே. ஓர் அச்சின் இரு விற்களையும் ஒருங்கே மாற்றுக. பழையதும் புதியதும் ஒத்து நில்லா. தட்டினைத் துடைத்து, துரு நீக்கி, கம்பியின் நுனி படியை ஒட்டி அமர்ந்ததோ எனக் கண்ணாற் கண்டபின்னரே வண்டியை இறக்குக. இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. சிறிது பொறுமையே வேண்டும்.

அப்பொறுமை பட்டறையிற் பயிலும் இளைஞர்க்கு எங்ஙனம் வரும்? காரணம் அறிந்தவிடத்தே கருத்து நிற்கும். வண்டி செய்வோர் வெளியிடுங் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. பட்டறை இளைஞனோ தலைவன் கையைப் பார்த்தே தொழில் கற்கின்றான். ‘இப்படி வை’ என்பதனை அவன் அறிவான். ‘ஏன் இப்படி வைக்கவேண்டும்’ என்பதனை அவனுக்கு உரைப்பார் இலர். இக்குறையை நீக்குங் கடமை, இயந்திரம் பயில்வாரினும் தமிழ் பயில்வார்க்கே மிகுதியும் உரியது என்பது எமது துணிபு. வில்வண்டி என்னும் பெயரை ஆக்கிய மொழிக்கு, பீடமும் மெத்தையும் சுற்றும் முறுக்கும் கூற வலியில்லையா? பழம்பாட்டிற்கு உரைகாணும் புலமையோடு, பட்டறைக்குப் பயன்படும் எளிய உரையொன்று எழுதும் ஆற்றலும் நம் மாணவர்பால் வளர்தல் வேண்டும். அது தமிழுக்கு இழிவன்று, ஏற்றமே.

மென்மையான மயிற்பீலியேயாயினும் மிகுதியாய் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்திற் காட்டினார் திருவள்ளுவர். அவர் எச்சரித்தது பாரத்தின் மிகுதியை. யாம் கூறுவது பாரம் அமரும் இடத்தை. அளவிற்கு உட்பட்ட சுமையும் இடந்தவறி அமர்ந்தால் எஃகை முறிக்கும். மணலின்மேற் கட்டிய வீட்டைப்பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையிலும், வீட்டின் குறை பேசப்படவில்லை. அடித்தளத்தின் குறையே பேசப்பட்டது. கண்ணுக்குத் தோன்றும் வில்லைப் புகழ்ந்தும் இகழ்ந்தும் காலங் கழியாது, கண்ணுக்குத் தோன்றாப் பீடத்தைக் குனிந்து நோக்குவார் பெருகுவாராக. அவர்தம் வண்டியில் ஏறுவார் நலமே சென்று நலமே மீள்வர்.