என்ஜினுக்கு நல்ல நீர்! நோயாளிக்கு?

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள மோட்டார் தொழில் நகரம் பிளின்ட். 1936-37ல் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்து சங்க உரிமையை வென்ற ஊர். 2014 ஏப்ரலில், மாநில சர்க்கார் நியமித்த அதிகாரியின் கீழிருந்த நகர நிர்வாகம், சிக்கனத்தின் பேரால் ஆற்று நீரைக் குழாயில் விட்டது. அரிப்பைத் தடுக்கும் மருந்தைக்கூடச் சேர்க்கவில்லை.

குழாய்கள் அரித்தன. துருவேறிய இரும்பு, கிருமியைக் கொல்லும் குளோரினைத் தின்று தீர்த்தது. கண்ணுக்குத் தெரியாத லீஜியோனெல்லா கிருமிக்குக் கொண்டாட்டம்! குழாயின் உட்புறப் பிசுக்கில், அமீபாக்களின் உடலுக்குள் புகுந்து பெருகும் கிருமி அது. நீர்த்திவலையோடு மூச்சில் ஏறி நுரையீரலைத் தாக்கும். ஆஸ்பத்திரியிலோ நீண்ட குழாய்கள், தேங்கும் வெதுவெதுப்பான நீர், தளர்ந்த நோயாளிகள். நோயுற்ற சுமார் 90 பேரில் பலர் ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள். 12 பேர் மாண்டனர்.

என்ஜின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 2014 அக்டோபரிலேயே அந்த நீரைக் கைவிட முடிவு செய்தது. மக்களுக்கோ மேலும் ஓராண்டு அதே நீர்! நோய் பரவியதைக் கவர்னர் பகிரங்கமாகச் சொன்னது 2016 ஜனவரியில். இரும்புக்குக் கிடைத்த கவனிப்பு மனித நுரையீரலுக்குக் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரி நீரைத் தவறாமல் சோதிப்பது, வெந்நீர்த் தொட்டியை 60 டிகிரிக்குக் குறையாமல் வைப்பது, புழங்காத குழாய்களைத் திறந்து ஓடவிடுவது - இவை பெரிய வித்தைகளல்ல. ஆள் வைத்துச் செய்யவேண்டிய வேலைகள். அந்த ஆளைக் குறைத்து மிச்சம் பிடிக்கும் எந்த நிர்வாகத்தையும் நாம் கேட்போம்: நீரைச் சோதித்தீர்களா? முடிவு எங்கே?