கொட்டையில் முளைத்த மா

சித்திரை பிறந்துவிட்டால் சேலத்துக் கடைவீதி மாம்பழ மணத்தால் நிறைந்துவிடுகிறது. மல்கோவா, இமாம்பசந்த், செந்தூரா, குண்டு, நடுசாலை, கிளிமூக்கு என்று பெயர்களை அடுக்கும்போது, நம் மண்ணில் மாவின வளத்துக்குக் குறைவேது என்றே எண்ணத் தோன்றும். ஆனால் இப்பெயர்களில் பெரும்பாலானவை ஒவ்வொன்றும் ஒரேயொரு தாய்மரத்தின் பெயர் என்றால் வாசக அன்பர்கள் வியப்படையக்கூடும்.

ஒட்டுக்கன்று என்பது பிள்ளையன்று. தாய்மரத்தின் கிளையே வேறொரு வேரின்மேல் வாழ்கிறது. ஆயிரம் ஏக்கரில் கிளிமூக்கு நின்றாலும், மரபுக்கூறுகளின் கணக்கில் அஃது ஏறத்தாழ ஒரே மரந்தான். கொட்டையில் முளைக்கும் நம் நாட்டு மாவோ, தாயோடு பெயரறியாத் தந்தையையும் கொண்டு பிறக்கிறது. ஒரே மரத்துக் கொட்டைகளை நட்டாலும் ஒன்று புளிக்கும், ஒன்று நாராகும், எப்போதோ ஒன்று தேனாகும். மல்கோவாவும் என்றோ எவரோ வீசிய கொட்டையில் முளைத்ததாகவே இருத்தல் வேண்டும்.

16-ஆம் நூற்றாண்டில் கோவாவில் மாவில் ஒட்டுக்கட்டும் முறையைப் பரப்பியவர்கள் போர்த்துக்கீசியரும், அவர்களுள் சிறப்பாக இயேசு சபையினரும் என்பர். அல்போன்சா என்ற பெயரும் ஆளுநர் அல்புகெர்க்கின் நினைவாக வந்தது என்பர். நல்ல பழத்தை நாடெங்கும் கொடுத்த அவர்களைக் குறைகூற நமக்கு மனமில்லை.

ஆயினும் சந்தையும் பழக்கூழ் ஆலையும் சில இனங்களையே கேட்கின்றன. கொல்லைப்புறத்து நாட்டு மரம் விறகுக்கும் பலகைக்கும் விலைபோகிறது. வீட்டுமனை பிரித்தாலும் சாலையை அகலப்படுத்தினாலும் அதற்கே கோடரி. நெல்விதையை உலர்த்திக் குளிர்ப்பெட்டியில் பல்லாண்டு காக்கலாம். மாங்கொட்டை உலர்ந்தால் உயிரிழந்துவிடும். மரம் போனால் அதன் மரபும் போயிற்று.

1845-இல் அயர்லாந்தின் ஏழைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே இன உருளைக்கிழங்கையே, அதுவும் கிழங்கை வெட்டி நட்டே, பயிரிட்டு வந்தன. கருகல் நோய் பரவிற்று. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். மா நமக்கு அன்னமன்று, உண்மைதான். எனினும் நாளைய நோயையும் வறட்சியையும் தாங்கும் குணம் எந்தப் புளிமாவில் உறங்குகிறதென்று யாரால் கூற இயலும்? திருத்தந்தை பிரான்சிஸ் தமது 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், அழியும் உயிரினங்களோடு பிற்காலத்துக்குத் தேவைப்படக்கூடிய மரபுக்கூறுகளும் அழிவதைச் சுட்டிக்காட்டினார்.

வடுவுக்கென்றே பெயர்பெற்ற மரம் உங்கள் வீட்டில் நின்று, அதை வெட்டியே தீரவேண்டுமாயின், மழைக்காலத்தில் அதன் முற்றிய நுனிக்குச்சிகளை நாற்றுப்பண்ணைக்காரரிடம் கொடுத்து ஒட்டுக்கட்டச் சொல்லுங்கள். கன்றை நடக் கோவில் வளாகத்தில் இடமிருக்கும். கல்லறைத் தோட்டத்திலும் இருக்கும். கொட்டையையே நடுவதாயின், பழம் தின்ற சில வாரங்களுக்குள் நட்டுவிட வேண்டும்.