வீடியோ திக்குகிறதா? கேமராவைத் திட்டாதீர்கள்!

"புதுக் கேமரா வாங்கினேன் சார். எடுத்த வீடியோவைக் கம்ப்யூட்டரில் போட்டால் விட்டு விட்டு ஓடுகிறது. கோளாறு கேமராவிலா, கம்ப்யூட்டரிலா?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பலர் இதோடு நிறுத்துவதில்லை. "வேறு கேமரா வாங்கிவிடலாமா?" என்றும் சேர்த்துக் கேட்கிறார்கள். என் பதில் இதுதான்: உடனே எதையும் வாங்காதீர்கள். அதைவிட முக்கியம், எதையும் அழிக்காதீர்கள்.

இப்படி அழுத்திச் சொல்லக் காரணம் என் சொந்த அனுபவம். 2009-ல் ஏவிசிஹெச்டி முறையில் பதிவு செய்யும் சிறிய கேமரா ஒன்றை வாங்கினேன். முதன்முதலாக எடுத்தது எங்கள் பாட்டியைத்தான். தாலாட்டு, நடவுப் பாட்டு என்று ஒரு மதியம் முழுக்கப் பாடினார். வீட்டுக்கு வந்து என் பழைய பென்டியம் 4 கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன். படம் நின்று நின்று ஓடியது. குரல் ஒரு பக்கம், உதட்டசைவு ஒரு பக்கம். தெரிந்த கடையில் விசாரித்தேன். "ரெக்கார்டிங்கே சரியில்லை சார், கார்டை ஃபார்மட் செய்துவிட்டு மறுபடி எடுங்கள்" என்றார்கள். அப்படியே செய்தேன். மறுபடி ஊருக்குப் போவதற்குள் பாட்டி காலமாகிவிட்டார்.

சில ஆண்டுகள் கழித்துக் கம்ப்யூட்டரை மாற்றினேன். பழைய ஹார்ட் டிஸ்க்கில், அன்று சோதனைக்காகக் காப்பி செய்த ஒரே ஒரு ஃபைல் கிடந்தது. புதிய கம்ப்யூட்டரில் ஓட்டினால் ஒரு திக்கல்கூட இல்லை! இரண்டரை நிமிடம் பாட்டி பாடுகிறார். பதிவு முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது. திணறியது என் கம்ப்யூட்டர், அவசரப்பட்டது நான்.

ஏன் திணறியது? டேப்பில் பதிவு செய்யும் பழைய டிஜிட்டல் கேமராக்களின் வீடியோ நொடிக்குச் சுமார் 25 மெகாபிட். ஏவிசிஹெச்டி வீடியோ அதைவிடச் சிறியது. ஆனாலும் என் கம்ப்யூட்டரில் பெரியது ஓடியது, சிறியது திக்கியது! டேப் வீடியோவில் ஒவ்வொரு படமும் தனித்தனியாக, முழுசாக இருக்கும். ஏவிசிஹெச்டியில் பயன்படும் ஹெச்.264 முறையிலோ, பெரும்பாலான படங்களுக்கு மாறிய பகுதி மட்டுமே பதிவாகும். மீதியை முன்னும் பின்னும் உள்ள படங்களை வைத்துக் கம்ப்யூட்டர்தான் கணக்குப் போட்டுக் கட்ட வேண்டும். நொடிக்கு 25 படம் என்றால், ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடியில் 25-ல் ஒரு பங்கு நேரம்தான். முடியாவிட்டால் அந்தப் படத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவும். நாம் பார்க்கும் திக்கல் இதுதான்.

அந்தக் கதை இன்றும் மாறவில்லை. 2013-ல் வந்த ஹெச்.265 முறையில் இப்போது பல கேமராக்களும் போன்களும் 4கே வீடியோவைப் பதிவு செய்கின்றன. கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் சிப்பில் இதைப் பிரிக்கும் வசதி இருந்தால் வீடியோ வழுக்கிக்கொண்டு ஓடும். இல்லாவிட்டால் சுமை முழுவதும் புராசசர் தலையில் விழும்.

எனவே கடைக்கு ஓடும் முன் மூன்று சோதனைகளைச் செய்து பாருங்கள்.

முதலில், வீடியோவைக் கேமராவிலேயே ஓட்டுங்கள். அங்கே சீராக ஓடினால் பதிவில் குறை இல்லை என்று நிம்மதி அடையலாம். அங்கேயும் திக்கினால் மெமரி கார்டைக் கவனியுங்கள். நொடிக்கு 100 மெகாபிட் பதிவு என்றால் 12.5 மெகாபைட். கிளாஸ் 10 கார்டு உறுதி தருவது 10 மெகாபைட் மட்டுமே. வி30 என்று போட்ட கார்டு 30 மெகாபைட்டுக்கு உறுதி தரும். கார்டின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் படிக்கும் வேகம். அதைக் கண்டு ஏமாற வேண்டாம். கார்டும் சரியாக இருந்தால் ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். நொடிக்கு 25 படம் எடுக்கும்போது 1/50 பொருத்தமானது. வெயிலில் அது 1/1000 ஆகிவிட்டால் ஓடும் பிள்ளைகள் வெட்டி வெட்டி நகர்வதுபோல் தெரியும்.

இரண்டாவது, கார்டிலிருந்தோ பழைய பென் டிரைவிலிருந்தோ நேராக ஓட்டாமல், ஃபைலை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து ஓட்டுங்கள்.

மூன்றாவது, இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி பிளேயரில் ஓட்டுங்கள். டூல்ஸ் மெனுவில் மீடியா இன்ஃபர்மேஷன் சென்று ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பகுதியைத் திறந்தால், விடுபட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கை தெரியும். அது ஏறிக்கொண்டே போய், டாஸ்க் மேனேஜரில் சிபியு 100 சதவீதத்தைத் தொட்டால், திணறுவது உங்கள் கம்ப்யூட்டர்தான்.

அப்படியானால் புதுக் கம்ப்யூட்டர்தான் வழியா? அவசியமில்லை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச புரோகிராமில் அந்த வீடியோவை 1080 அளவில் ஹெச்.264 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். எடிட் செய்பவர்கள், ஷாட்கட் போன்ற இலவச புரோகிராமில் உள்ள பிராக்ஸி வசதியைப் பயன்படுத்தலாம். எடிட் செய்யும்போது சிறிய நகல் ஓடும். முடிவில் அசல் ஃபைலிலிருந்தே வீடியோ தயாராகும். இன்னொன்று: 30 ஃபிரேமில் எடுத்ததை 25 ஃபிரேம் புராஜெக்டில் போட்டால் நொடிக்கு 5 படம் கழிந்து, வீடியோ குதிக்கும். எடுத்த வேகத்திலேயே எடிட் செய்யுங்கள்.

கேமரா விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எத்தனை மெகாபிக்சல் என்று சொல்வதோடு, எந்தக் கார்டு வேண்டும், வாங்குபவரின் கம்ப்யூட்டர் அந்த வீடியோவைத் தாங்குமா என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். "ஃபார்மட் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வாசகர்களே, இன்று உங்கள் கம்ப்யூட்டரில் திக்கும் வீடியோ, நாளை இன்னொரு கம்ப்யூட்டரில் நன்றாக ஓடலாம். புதுக் கேமராவுக்கு எடுத்து வைத்த பணத்தில் ஒரு பகுதிக்கு வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி, அசல் ஃபைல்களை அதில் இன்னொரு பிரதியாக வையுங்கள். என்னிடம் மிஞ்சியது இரண்டரை நிமிடம்தான். உங்களிடம் முழு மதியமும் இருக்கட்டும்.