"நல்லா தூங்குறாரு, எழுப்பாதீங்க!"

ஆபரேஷன் முடிஞ்சு வார்டுக்கு வந்த முதல் ராத்திரி, நம்ம ஊர் ஆஸ்பத்திரிகள்ல அடிக்கடி காதுல விழுற வசனம் இது. சொல்றவங்க நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனா சில சமயம் இதைவிட ஆபத்தான வசனம் வேற கிடையாதுங்க. கொஞ்சம் காட்டமா எழுதப்போறேன், பொறுத்துக்கோங்க.

மார்ஃபின், ஃபென்டனில், பெத்திடின், டிரமடால்... இதெல்லாம் ஒரே குடும்பம், அபின் வகை வலி மருந்துகள். வலியைக் குறைக்கிற அதே மருந்து, மூளைத்தண்டுல இருந்து வர்ற "மூச்சை இழு" என்கிற உத்தரவையும் மந்தமாக்கும். முதல்ல அசதி, அப்புறம் ஆழ்ந்த மயக்கம், அப்புறம் மூச்சு குறையும். நாக்கும் தொண்டையும் தளர்ந்து பாதை அடைபடும். வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்கு அது எப்படித் தெரியும்? குறட்டை விட்டுத் தூங்குற மாதிரி! "பாவம், மூணு நாளா வலியில தூங்கலை, இப்பத்தான் கண் அசர்றாரு"ன்னு சந்தோஷமா போர்வையை இழுத்து விடுவோம்.

எங்க பக்கத்துத் தெரு அண்ணன் ஒருத்தர், எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரி ஓட்டுறவர். கால் எலும்பு உடைஞ்சு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில பிளேட் வெச்சாங்க (பேர் வேண்டாம்). ராத்திரி வலிக்கு ஒரு ஊசி, கொஞ்ச நேரத்துல தூக்கத்துக்கு இன்னொரு ஊசி. விடியக்காலைல உதடு நீலம் பாய்ஞ்சிருந்ததை அண்ணி பார்த்துக் கத்தின பிறகுதான் ஆளுங்க ஓடி வந்தாங்க. பிழைச்சிட்டார். மறுநாள் சொன்ன விளக்கம்: "அவர் உடம்புக்கு அந்த மருந்து ஒத்துக்கலைம்மா."

இந்த "ஒத்துக்கலை"தான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஒத்துக்காம போறதுன்னா அலர்ஜி. அது யாருக்கு வரும்னு முன்கூட்டிச் சொல்றது கஷ்டம். மூச்சு மந்தமாகுறது அலர்ஜி இல்லை சார், அந்த மருந்தோட குணமே அது! மருத்துவம் படிச்ச எல்லாருக்கும் தெரிஞ்ச குணம். தூக்க மருந்தையும் சேர்த்துக் கொடுத்தா ஆபத்து கூடும்னும் தெரியும். தெரிஞ்ச விஷயத்தைக் கண்காணிக்காம விட்டுட்டு, பழியை நோயாளியோட உடம்பு மேல போடுறது என்ன நியாயம்?

அமெரிக்காவுல இழப்பீட்டு வழக்குகளை ஆராய்ஞ்சு 2015-ல ஒரு கட்டுரை வந்துச்சு. ஆபரேஷனுக்கு அப்புறம் வலி மருந்தால மூச்சு மந்தமான 92 வழக்குகள். 88 சதவீதம் முதல் 24 மணி நேரத்துக்குள்ள நடந்தவை. சரியாக் கண்காணிச்சிருந்தா 97 சதவீதத்தைத் தடுத்திருக்கலாம்னு முடிவு. 2020-ல வந்த இன்னொரு ஆய்வுல, பல நாட்டு வார்டுகள்ல 1335 பேருக்குத் தொடர் கண்காணிப்புக் கருவி மாட்டிப் பார்த்தாங்க. 46 சதவீதம் பேருக்கு ஒரு தடவையாவது மூச்சு மந்தம் பதிவாச்சு. அபூர்வமான விஷயம்னு இனி யாரும் கதை விட முடியாது.

உடனே சிலர், "அப்போ மார்ஃபினே வேண்டாம்"னு கிளம்புவாங்க. அதுவும் தப்பு! வயித்துல பெரிய ஆபரேஷன் ஆனவருக்கு வலி இருந்தா ஆழமா மூச்சு விட முடியாது, இருமிச் சளியைத் துப்ப முடியாது. நிமோனியா வந்து நிக்கும். மருந்துக்காகச் சட்டப்படி அபின் பயிரிடுற சில நாடுகள்ல நம்ம நாடும் ஒண்ணு. ஆனா 1985 போதைப்பொருள் சட்டத்தோட கெடுபிடியால நம்ம புற்றுநோயாளிங்களுக்கே மார்ஃபின் எட்டாம இருந்துச்சு. 2014-ல திருத்தம் கொண்டு வந்துதான் கொஞ்சம் வழி விட்டாங்க. அந்தக் கதவை மறுபடி சாத்தச் சொல்லலை நான். மருந்தைக் கொடுங்க, கூடவே ஆளையும் பாருங்கன்னுதான் சொல்றேன்.

நம்ம ஏரியாவுக்கு இதுல தனிக் கவலை இருக்கு. துறைமுகத்து நிலக்கரித் தூசியை ராயபுரம் வருஷக்கணக்கா சுவாசிச்சது. 2011-ல ஐகோர்ட் உத்தரவால அது எண்ணூர் பக்கம் போச்சு. 2023 டிசம்பர்ல பெரியகுப்பம் ஜனங்க அமோனியா வாடையில நடுராத்திரி வீட்டை விட்டு ஓடினாங்க. வீசிங் இல்லாத வீடு எது இங்க? அபின் வகையே வேண்டாம்னு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டாலும் நிம்மதி இல்லை. பெரியவங்கள்ல ஆஸ்துமா உள்ளவங்க நூறு பேர்ல ஏழு பேருக்கு இந்த வகை மருந்து மூச்சுக்குழலைச் சுருக்கிடும். அதனால ஆபரேஷனுக்கு முன்னாடியே வீசிங், குறட்டை, கிட்னி கோளாறு, தினமும் போடுற மாத்திரை, குடிப்பழக்கம் எல்லாத்தையும் கூச்சப்படாம சொல்லிடுங்க. அவங்க கேட்கலைன்னாலும் சொல்லுங்க.

கண்காணிக்கப் பெரிய மெஷின் வேணுமா? இருந்தா நல்லதுதான். விரல்ல மாட்டுற கருவியை மட்டும் நம்பக் கூடாது. ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்தா, மூச்சு மந்தமான பிறகும் அது 97, 98-னு காட்டிக்கிட்டே இருக்கும். உள்ளே கரியமில வாயு ஏறுறது அதுக்குத் தெரியாது. அதனால நெஞ்சு ஏறி இறங்குறதை ஒரு நிமிஷம் முழுசா எண்ணணும். 12-லேருந்து 20 வரை சாதாரணம். 10-க்குக் கீழே போனாலோ, தோளைத் தட்டிக் கூப்பிட்டும் சரியாக் கண் திறக்கலைன்னாலோ, உடனே நர்ஸைக் கூப்பிடணும். "சும்மா சும்மா கூப்பிடாதீங்க"ன்னு திட்டினா திட்டட்டும்.

ஆனா இது குடும்பத்தோட வேலை இல்லை, ஆஸ்பத்திரியோட வேலை. பில்லுல "நர்சிங் சார்ஜ்"னு தனியா போடுறீங்களே, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு மூச்சை எண்ண ஆள் இருக்கா? மயக்க அளவைக் குறிக்கிற சார்ட் கட்டில்ல தொங்குதா? மருந்தை முறிக்கிற நலாக்ஸோன் அந்த வார்டுலயே இருக்கா, இல்ல கீழே பார்மசியில பூட்டிக் கிடக்கா? நலாக்ஸோன் போட்டு ஆள் எழுந்துட்டாலும் வேலை முடியலை. அதோட வீரியம் ஒரு மணி நேரம் போல, மார்ஃபின் அதைவிட நேரம் நிக்கும். மறுபடி மயங்கலாம், மறுபடி பார்க்கணும்.

அரசு ஆஸ்பத்திரிகள்ல நர்ஸுங்க மேல எனக்குக் கோபமே இல்லை. ஒரே ஆளுகிட்ட வார்டு முழுக்கக் கொடுத்துட்டு "ஏன் கவனிக்கலை"ன்னு கேட்கிறது அயோக்கியத்தனம். நாம ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட ஸ்கேன் மெஷின் கேட்கிறோம், புதுக் கட்டடம் கேட்கிறோம். திறப்பு விழாவுக்கு அதுதான் வசதி, ரிப்பன் வெட்டலாம். ராத்திரி ஷிப்டுக்குக் கூடுதலா ரெண்டு நர்ஸ் போட்டா ரிப்பன் வெட்ட முடியாது, ஆனா உயிர் நிக்கும். இனிமே அதைக் கேளுங்க.

பி.கு: நான் டாக்டர் இல்லை. இதைப் படிச்சிட்டு யாரும் டாக்டர் கொடுத்த வலி மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க. கேள்வி கேளுங்க, அது போதும்.