ஸ்ரீ எழுத்தும் ஒரு வெஸ்பாவும்

சென்ற மாதம் அலவத்துகொடையில் என் வீட்டுக்கு ஒருவர் வந்தார். கண்டியில் சுற்றுலாப் பயணிகளுக்கென உணவகம் ஒன்றைத் திறக்கவிருக்கிறார். கொட்டிலில் நின்ற என் வெஸ்பாவை இரண்டு முறை சுற்றி வந்தார். கைத்தொலைபேசியில் படம் எடுத்தார். பிறகு ஒரு விலை சொன்னார். நல்ல விலை. ஓய்வுபெற்ற பத்திரிகைக்காரன் ஒருவனுக்கு மிக நல்ல விலை. ஓடுமா என்று அவர் கேட்கவில்லை. ஓடுகிறது என்று நானாகவே சொன்னேன். "அது தேவையில்லை ஐயா, வாசலில் நிறுத்தி வைக்கத்தானே. எஞ்சினை நீங்களே கழற்றி வைத்துக்கொள்ளலாம்" என்றார். வெளிர் பச்சை நிறம் பூசுவாராம். இலக்கத் தகட்டை எடுத்துவிட்டு, இத்தாலிய நகரம் ஒன்றின் பெயர் எழுதிய தகட்டை மாட்டுவாராம்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அன்றிரவு டொரொன்டோவிலிருந்து பேசிய மருமகனிடம் இதைச் சொல்லப்போக, அவனும் அந்த மனிதரின் பக்கம் சேர்ந்துகொண்டான். "குடுத்திட்டு நிம்மதியா இருங்கோ மாமா. புகையும் சத்தமும். அதோட அந்தச் சிங்கள ஸ்ரீயையும் இன்னும் எத்தினை காலம் முன்னாலயும் பின்னாலயும் கொழுவிக்கொண்டு திரியப் போறியள்?" என்றான். அவன் எழுப்பிய கேள்விகள் இரண்டும் தட்டிக்கழிக்கக் கூடியவை அல்ல. தொலைபேசியில் எனக்குப் பதில் வரவில்லை. எழுதினால்தான் எனக்குச் சிந்தனை ஓடும், தொழில் பழக்கம்.

இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இந்த வெஸ்பா 150, என் தகப்பனார் 1959இல் வாங்கியது. அவர் கண்டியில் அரசாங்க லிகிதர். மூன்று கியர், 8 அங்குலச் சக்கரம், இடக்கைப் பிடியைத் திருகிக் கியர் மாற்றும் ஏற்பாடு. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கியிருந்தால் ஆங்கில எழுத்துகளோடு கூடிய இலக்கமே கிடைத்திருக்கக்கூடும். 1957இன் தொடக்கத்தில்தான் வாகன இலக்கங்களில் சிங்கள 'ஸ்ரீ' புகுந்தது. முந்தைய ஆண்டுதான் தனிச் சிங்களச் சட்டம் வந்திருந்தது. தமிழரசுக் கட்சி எதிர்ப்பு இயக்கம் நடத்தியது. சிங்கள எழுத்தின் மேல் தார் பூசித் தமிழில் எழுதிக்கொண்டு வாகனங்கள் ஓடின. 1957 ஜூலையில் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் வந்தது. மறுவருடம் அரசுடைமையாக்கப்பட்ட பஸ்கள் அந்த எழுத்துடன் வடக்கே அனுப்பப்பட்டதும் தார் வாளி மறுபடி வெளியே வந்தது. தெற்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மீது அதே தார் பூசப்பட்டது. ஏப்ரலில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை.

விடுமுறையில் யாழ்ப்பாணம் சென்றிருந்த வேளையில், ஒருநாள் அந்தத் தார் வாளியைத் தாமும் பிடித்ததாக என் தகப்பனார் ஓய்வுபெற்ற பிறகு ஒருமுறை என்னிடம் சொன்னார். அரச ஊழியர் என்பதால் அதுவரை வாய் திறக்கவில்லை. அப்படிப்பட்டவர்தான் சேமிப்பு முழுவதையும் கொட்டி ஸ்கூட்டர் வாங்கி, முன்னும் பின்னும் அதே எழுத்தைச் சுமந்துகொண்டு அலுவலகம் போனார். அம்மா அதைச் சொல்லிச் சீண்டும்போது அவர் சிரிப்பதில்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. தமிழில் எழுதினாலும் சிங்களத்தில் எழுதினாலும் உச்சரிப்பு ஒன்றுதான்; பொருளும் ஒன்றுதான். இரண்டு மொழிகளுமே வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட சொல் அது. சண்டை ஒலியைப் பற்றியதல்ல, அரசாங்கம் யாருடைய எழுத்தில் தன் பெயரை எழுதுகிறது என்பதைப் பற்றியது. அந்தச் சண்டையின் பௌதிகச் சான்றாக இன்று எஞ்சியிருப்பவை சட்டப் புத்தகங்களும் பழைய பத்திரிகைக் கோவைகளும் இப்படியான சில தகரத் துண்டுகளுமே. தகரத்தைக் கழற்றி இத்தாலிய நகரத்தின் பெயரை மாட்டினால் வெஸ்பா அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஓடிய வண்டியாக இராது. எனக்கு அந்த எழுத்தின் மீது அன்பு கிடையாது. அது அங்கே இருந்தது என்பதை மறைப்பதில் உடன்பாடு இல்லை, அவ்வளவுதான்.

முதல் கேள்வி, புகையும் சத்தமும். இதை விரிவாகச் சொல்ல வேண்டும்; ஏனெனில் பழைய இத்தாலிய வண்டிகளைப் பற்றி ஒரு தவறான அபிப்பிராயம் உலகெங்கும் பரவியிருக்கிறது. அழகானவை, ஆனால் நம்ப முடியாதவை என்பார்கள். அறுபது ஆண்டுக்கும் மேலான பழக்கத்தில் சொல்கிறேன்: அவை நம்பிக்கையானவை. கவனிப்பைக் கேட்பவை. இரண்டும் வேறு.

வெஸ்பாவை வடிவமைத்த கொராதீனோ தஸ்கானியோ ஆகாய விமானப் பொறியியலாளர். மோட்டார் சைக்கிள் மீது அவருக்குப் பிரியம் இருந்ததில்லை. போருக்குப் பின் 1946இல் பொந்தெதேராவில் பியாஜியோ நிறுவனம் அதை வெளியிட்டது. சட்டகக் குழாய் கிடையாது. அழுத்தி வளைத்த உருக்குத் தகடே உடலும் எலும்பும். சங்கிலி கிடையாது, எஞ்சின் பின்சக்கரத்தின் அருகில் நேரே பொருந்தியிருக்கும். முன்சக்கரத்தை ஒரு பக்கத்துக் கை மட்டும் பிடித்திருப்பது விமானச் சக்கரத்தின் பாணி என்பார்கள். ரயர் மாற்றச் சுலபம். மிலானில் இன்னொசென்டி செய்த லம்பிரெட்டா வேறு சாதி. அதற்குக் குழாய்ச் சட்டகம், எஞ்சின் நடுவில், மூடிய பெட்டிக்குள் சங்கிலி. வளைவுகளில் லம்பிரெட்டாவே நிதானமானது என்று அதை வைத்திருந்தவர்கள் சத்தியம் செய்வார்கள். வெஸ்பாவின் எஞ்சின் வலப்பக்கம் தொங்குவதால் வண்டி சற்றே ஒருபக்கம் இழுக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. பழகிவிடும்.

வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். அலவத்துகொட, கண்டியிலிருந்து மாத்தளை போகும் வீதியில் அக்குறணைக்கு அப்பால் இருக்கிறது. அதுவே ஏ9 வீதி; நேரே போனால் யாழ்ப்பாணம். இங்கிருந்து மாத்தளைக்குப் போக பலகடுவ ஏற்றம் ஏற வேண்டும். பழைய வெஸ்பாவின் குணம் தெரிய வேண்டுமானால் அந்த ஏற்றம் போதும். மூன்றாவது கியரில் மூச்சு முட்டும். இரண்டாவதில் முணுமுணுத்துக்கொண்டே ஏறிவிடும். கவனமெல்லாம் இறக்கத்தில்தான் வேண்டும். இரண்டு வீச்சு எஞ்சினுக்கு ஒயில் தனியாகக் கிடையாது, பெற்றோலோடு கலந்துதான் உள்ளே போகும். மாதிரிக்கும் ஆண்டுக்கும் ஏற்ப 100 பங்கு பெற்றோலுக்கு 2 முதல் 5 பங்கு ஒயில். நீண்ட இறக்கத்தில் அக்சிலரேட்டரை முழுவதும் மூடிக்கொண்டு கியரில் இறங்கினால் எஞ்சின் வேகமாகச் சுழலும், பெற்றோல் போகாது, ஒயிலும் போகாது. பிஸ்டன் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதனால் இறக்கத்தில் இடையிடையே சற்றுத் திறந்துவிட வேண்டும். இடக்கை விரல்கள் கிளச் மீதே இருக்க வேண்டும். இதை எனக்குக் கற்பித்தவர் தகப்பனார். அவர் கற்றது, ஒருமுறை நாலந்தைக்குக் கிட்ட விழுந்தெழும்பி.

1960களில் அந்நியச் செலாவணி இல்லாமல் இறக்குமதி இறுகியது. 1977 வரை உதிரிப்பாகம் என்பது கனவு. அந்தப் பஞ்சத்தில்தான் இந்த நாட்டின் கராஜ்காரர்கள் வித்தை கற்றார்கள். தேய்ந்ததைப் பற்றவைத்துக் கடைந்தெடுப்பார்கள், பழைய ரயர் ரியூப்பிலிருந்து வாஷர் வெட்டுவார்கள். பிறகு ஜப்பானிய ஹொண்டாக்கள் வந்து ஸ்கூட்டர்களைக் கொட்டிலுக்குள் தள்ளின. எங்களைக் காப்பாற்றியது ஓட்டோ. பியாஜியோவே 1948இல் வெஸ்பாவிலிருந்து ஒரு மூன்று சக்கர வண்டியை உருவாக்கியது. 1960 முதல் 1971 வரை பஜாஜ் நிறுவனம் பியாஜியோவின் உரிமத்தில் வெஸ்பா செய்தது; அதன் இரண்டு வீச்சு ஓட்டோவின் எஞ்சினும் அந்தப் பரம்பரையே. ஆகவே அக்குறணையில் ஓட்டோ உதிரிப்பாகக் கடைக்குப் போனால் என் வெஸ்பாவின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் தட்டுத் தட்டாக அடுக்கியிருப்பார்கள். சில நேராகப் பொருந்தும், சில அரத்தால் தேய்த்த பின் பொருந்தும், சில எந்நாளும் பொருந்தா. 2008இல் இரண்டு வீச்சு ஓட்டோ இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு அந்தத் தட்டுகளும் மெல்ல மெல்லக் காலியாகி வருகின்றன.

அசல் இத்தாலியப் பாகம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் சேகரிப்பாளர்களோடு எனக்கு ஒத்துவராது. ஓட்டோவின் பாகம் போட்டு ஓடுகிற வெஸ்பா, இத்தாலியிலிருந்து தருவித்த பாகங்களோடு கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் வெஸ்பாவைவிட அசலானது. 1959இல் பொந்தெதேராவில் அதைச் செய்தவர்கள் பொம்மை செய்யவில்லை. கார் வாங்க வசதியில்லாத லிகிதர்கள் வேலைக்குப் போகச் செய்தார்கள்.

என் வண்டியைப் பார்க்கும் நானாவுக்கு என் வயதுதான். தகப்பனிடம் தொழில் கற்றவர். 1983 ஜூலையில் கண்டியில் கடைகள் எரிந்தபோது அந்தத் தகப்பனாரின் கராஜில்தான் இந்த வெஸ்பா சாக்கு மூட்டைகளின் கீழ் கிடந்தது. 2018 மார்ச்சில் திகனையில் தொடங்கிய வன்முறை அக்குறணை வரை வந்தபோது, என் எஞ்சின் நானாவின் மேசையில் அக்கக்காகக் கழன்று கிடந்தது. பத்திரமாக எங்கேயாவது போய்விடுங்கள் என்று சொல்லத் தொலைபேசியில் அழைத்தேன். ஊரடங்குக்கு முன்பாகத் தம் மகனின் ஓட்டோவில் அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் பிஸ்கட் தகரம். அதனுள் என் எஞ்சினின் பாகங்கள், ஒவ்வொன்றும் துணியில் சுற்றியபடி. "மற்றதெல்லாம் வாங்கலாம் சேர், இது வாங்க ஏலாது" என்றார். தம் ஆயுதப்பெட்டியை அவர் கொண்டுவரவில்லை. அதை ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

மருமகன் சொன்ன புகை உண்மை. கலவை எவ்வளவு சரியாக இருந்தாலும் இரண்டு வீச்சு எஞ்சின், எரியாத பெற்றோலில் ஒரு பங்கைப் புகையோடு வெளியே தள்ளத்தான் செய்யும், பொறிமுறையே அப்படி. தினமும் கண்டிக்கு ஓட்டக்கூடிய வண்டி அல்ல. கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலில் நின்று பிறர் முகத்தில் புகை விடுவது நாகரிகமும் அல்ல. பிரேக்கும் பெயருக்குத்தான், தனியார் பஸ்களுக்கு முன்னால் 8 அங்குலச் சக்கரம் ஒரு பொருட்டல்ல. ஆகையால் ஞாயிறு அதிகாலைகளில் மட்டும் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில்வரை போய் வருகிறேன். 2022இல் வாரத்துக்கு 4 லீற்றர் என்று மோட்டார் சைக்கிளுக்குப் பங்கிட்டு, பெற்றோல் விலை லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியிருந்த நாட்களில் மட்டும் அது தினசரி வண்டியாக மறுபிறவி எடுத்தது. அந்த மாதங்களில் ஊரில் யாரும் புகையைப் பற்றிக் குறை சொன்னதாக நினைவில்லை.

இலண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் வாசக நண்பர்கள் சிலர், பழைய டுகாட்டி வாங்கலாமா, மோட்டோ குஸ்ஸி வாங்கலாமா என்று கேட்பதுண்டு. நான் இரண்டையும் வைத்திருந்தவனல்லன். வால்வைத் திறக்க மட்டுமன்றி மூடவும் தனிப் பொறியமைப்பு வைத்த டுகாட்டியைப் பழக்கமில்லாத கையில் கொடுக்கக் கூடாது என்பது மட்டும் தெரியும். என் யோசனை இதுதான்: முதலில் பத்து மைலுக்குள் ஒரு நல்ல மெக்கானிக்கைத் தேடுங்கள். அவர் எந்த வண்டியைக் கண்டதும் முகம் மலர்கிறாரோ, அதை வாங்குங்கள். வாங்கியபின் கிழமைக்கு ஒருமுறையாவது ஓட்டுங்கள். நின்ற வண்டிக்குத்தான் ஒயில் சீல் காய்ந்து வெடிக்கும், பெற்றோல் காபரேட்டருக்குள் பிசினாகும், தாங்கி துருப்பிடிக்கும்.

என் கவலை உதிரிப்பாகம் அல்ல, நானாவின் மகன். ஓட்டோ ஓட்டுகிறான், கெட்டிக்காரன், கராஜில் இருக்க விருப்பமில்லை. அவனைக் குறை சொல்ல முடியுமா? மாதத்துக்கு இரண்டு கிழட்டு ஸ்கூட்டர்கள் வரும் தொழிலில் யார் குடும்பம் நடத்துவது? இந்த வண்டிகளைப் போற்றுகிறோம் என்று சொல்லிக்கொள்பவர்கள் வண்ணப் பூச்சுக்கு இலட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள். எஞ்சின் பிரித்துப் பூட்டும் கூலியில் ஐந்நூறு ரூபா குறைக்கப் பேரம் பேசுகிறார்கள். உணவகக்காரர் எனக்குச் சொன்ன விலையில் எஞ்சினுக்கு ஒரு சதம்கூடக் கிடையாது என்பதை மறுபடி நினைத்துப் பார்க்கிறேன்.

அவர் நேற்றும் அழைத்தார், விலையைக் கூட்டியிருக்கிறார். தகட்டை வேண்டுமானால் அப்படியே விட்டுவிடுகிறேன், பழைமையாகத்தான் இருக்கும் என்றார். தருவதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். இப்போதைக்குக் கிளச் கேபிள் அறுந்து கிடக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வருவதாக நானா சொல்லியிருக்கிறார். மகனையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.