திரையில் நம்பர் எரியுது, சரி... வருவதற்கு ஆள் எங்கே?

போன மாதம் எட்டு ராத்திரி ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் குடியிருந்தேன். அப்பத்தாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன். பகலில் அம்மா, ராத்திரியில் நான்.

அந்த வராண்டாவில் எல்லோர் கண்ணையும் இழுப்பது நர்ஸ் ஸ்டேஷனுக்கு மேலே தொங்கும் பெரிய திரைதான். கட்டிலில் பட்டனை அமுக்கினால் அறைக் கதவுக்கு மேலே விளக்கு எரியும். திரையில் அறை நம்பர் வரும், பக்கத்தில் நிமிடமும் நொடியும் ஓடும். கழிவறைக் கயிறை இழுத்தால் சிவப்பு, சத்தமும் வேறு. அட்மிஷன் போடும்போதே இதைக் காட்டித்தான் பெருமை பேசினார்கள். நானும் வாயைப் பிளந்து பார்த்தேன்.

இரண்டாவது ராத்திரி, மணி இரண்டேகால். அப்பத்தாவுக்கு பெட்பேன் வேண்டும். பட்டனை அமுக்கினேன். யாரும் வரவில்லை. வெளியே வந்து திரையைப் பார்த்தால் 312-க்கு நேராக ஆறு நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேலே இன்னும் மூன்று அறை. ஸ்டேஷனில் ஒரு ஈ காக்கை இல்லை.

பதின்மூன்றாவது நிமிடம் சிஸ்டர் ஓடி வந்தார். அதற்குள் படுக்கை நனைந்துவிட்டது. எழுபத்தெட்டு வயசு வரைக்கும் யார் கையையும் எதிர்பார்க்காத மனுஷி, பேரன் முன்னால் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம். "ஸ்கிரீன்ல தெரியலையா உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன்.

"தெரியுது தம்பி. நாங்க ரெண்டு பேரு, இருபத்தாறு பேஷண்ட்."

அவ்வளவுதான் சொன்னார். பெட்ஷீட்டை மாற்ற ஆரம்பித்துவிட்டார். என் வயசுதான் இருக்கும் அவருக்கு.

பி.காம் படிக்கிறவன் கண்ணால் அந்தத் திரையைப் பார்த்தால் அது ஒரு பேரேடு. நோயாளி பட்டனை அமுக்கும்போது ஆஸ்பத்திரி ஒரு கடன் படுகிறது. எத்தனை மணிக்கு, எந்த அறைக்கு என்று திரை எழுதிக்கொள்கிறது. எழுதி வைத்தால் கடன் அடைந்துவிடுமா? அடைக்கிறது சிஸ்டரின் கால்கள். அந்தக் கால்களைக் குறைத்துவிட்டு, பேரேட்டை மட்டும் பெரிய சைஸில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

ஏன் என்பதற்கு பதில் பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலிலேயே இருக்கிறது. திரை மூலதனச் செலவு. ஒருமுறை வாங்கினால் போதும், தேய்மானம் எழுதலாம், விளம்பரத்தில் போட்டோ போடலாம். சிஸ்டர் சம்பளம் வருவாயினச் செலவு. மாதாமாதம் லாபத்தில் கை வைக்கும். எதை வெட்டுவார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

இந்த யோசனை புதுசும் இல்லை. 1853-இல் லண்டன் ஹார்லி தெருவில் ஒரு சின்ன மருத்துவமனையின் பொறுப்பை ஏற்குமுன் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதிய கடிதத்திலேயே இது இருக்கிறது. நோயாளிகளின் மணி நர்ஸ் அறைக்கு வெளியே நடைவழியில் ஒலிக்க வேண்டும், யார் அடித்தது என்று தெரிய ஒரு மூடி திறந்து அப்படியே நிற்க வேண்டும் என்று கேட்டார். கூடவே ஒவ்வொரு மாடிக்கும் குழாயில் வெந்நீர், சாப்பாட்டை மேலே ஏற்ற ஒரு இயந்திரம். எதற்கு? நர்ஸ் மாடிப்படி ஏறி இறங்கியே தேயாமல், நோயாளிகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு. நம் ஆட்கள் மணியை மட்டும் வாங்கிக்கொண்டு மீதிக் கடிதத்தைக் கிழித்துவிட்டார்கள்.

இது பெட்ஷீட் சமாச்சாரம் மட்டும் என்று நினைக்காதீர்கள். 2002-இல் லிண்டா ஐக்கன் குழு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்தது. அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களில், ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. ஒரே ஒரு நோயாளி கூடினாலே இந்தக் கதி. பதின்மூன்று பேர் என்றால்?

"திரை இல்லாம இருந்தா கத்திக் கூப்பிடணுமே, அது பரவாயில்லையா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆள் இல்லாத திரை ஒரு வேலையைக் கச்சிதமாகச் செய்கிறது: பழியைத் திருப்பிவிடுகிறது. ஓடுகிற நிமிடத்தைப் பார்க்கிற நமக்கு சிஸ்டர் சோம்பேறியாகத் தெரிகிறார். ஆள் போடாத முதலாளி திரையில் எங்கேயும் தெரிவதில்லை. நானே ஏமாந்து, கத்தக் கூடாத ஆளிடம் கத்தினேன்.

அந்த ஆள் என்ன சம்பளம் வாங்குகிறார்? தனியார் நர்ஸுகள் தொடுத்த வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. உங்களுக்குத் தெரிந்த சிஸ்டர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், அந்தப் பரிந்துரை எங்கே தூங்குகிறது என்று புரியும்.

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையிலும் மணி அடித்தும் ஆள் வராமல் நோயாளிகள் ஈரப் படுக்கையில் கிடந்தார்கள். விசாரணை அறிக்கை 2013-இல் வந்தது. அடுத்த வருடமே அங்கே ஒரு ஏற்பாடு: ஒவ்வொரு வார்டிலும், இந்த ஷிப்டில் எத்தனை நர்ஸ் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எல்லோரும் பார்க்க எழுதி வைக்க வேண்டும்.

நான் கேட்பதும் அவ்வளவுதான். திரை ஏற்கனவே தொங்குகிறது, பத்து பைசா செலவு கிடையாது. ஓரத்தில் ஒரு வரி: சிஸ்டர் 2, நோயாளிகள் 26. அப்புறம் யாரிடம் கத்துவது என்று நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

டிஸ்சார்ஜ் அன்று சிஸ்டரிடம் ஸாரி சொல்லப் போனேன். ஸ்டேஷனில் யாரும் இல்லை. திரையில் நான்கு நம்பர் ஓடிக்கொண்டிருந்தது.